பிள்ளைகளோடு ஏற்காடு: அரையாண்டு விடுமுறை நாட்குறிப்பு

முதல் நாள்: சேலம்

நேற்று ராத்திரி சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். பெரியவளுக்கு ஏழு வயசு. கண்ணில் படுகிற போர்டையெல்லாம் சத்தமாகப் படிக்கிற பருவம். ரயிலின் பேரைப் படித்ததும், "அப்போ காலையில முழிச்சா ஏற்காடா?" என்று கேட்டாள். இந்த ரயில் ஈரோட்டுக்குப் போகிறது, ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது, நாம் சேலத்தில் இறங்கிக் காரில்தான் மலை ஏறணும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. "போகாத ஊருக்கு எதுக்குப் பேரு வச்சாங்க?" என்று படுக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவனுக்கு மூன்றரை. இந்த ரயிலில் ஒரே சிரமம், விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே சேலம் ஜங்ஷன் வந்துவிடும். அதனால் படுக்கும்போதே இரண்டு பேருக்கும் ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுவிட்டேன். இறங்கும்போது அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார், நான் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் கண்ணே திறக்கவில்லை. அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாரும் எட்டரை மணி வரைக்கும் தூங்கினோம்.

அன்றைக்கே மலை ஏறிவிடலாம் என்று அவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலுக்கு அப்படித்தான் போனோம். ரயில் தூக்கம் கெட்ட பிள்ளையை அப்படியே வளைவுப் பாதையில் ஏற்றினால் அது வாந்தி, அழுகை, காய்ச்சல் என்றுதான் போய் முடியும். முதல் நாள் முழுக்க அம்மாயி வீடு. அதுவும் விடுமுறைதானே.

சாயங்காலம் மட்டும் வெளியே போனோம், தட்டுவடை செட் சாப்பிட. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சேலத்தில் சாயங்காலமானால் தள்ளுவண்டி வண்டியாக இதுதான். ஒரு சின்னத் தட்டுவடை, அதன்மேல் ஒரு பக்கம் காரச் சட்னி, ஒரு பக்கம் புதினாச் சட்னி, மேலே துருவின கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கின வெங்காயம், எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி இன்னொரு தட்டுவடை. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தால் பாதி சட்டையில்தான். கடைக்கார அண்ணனிடம் காரச் சட்னி வேண்டாம், பிள்ளைகளுக்கு என்று சொன்னதும், "அதுக்கென்னங்க, பீட்ரூட் தூக்கலாப் போடறன்" என்றார். வீட்டில் பீட்ரூட் பொரியலைத் தட்டோடு தள்ளிவிடுகிற சின்னவன் நான்கு செட் சாப்பிட்டான். உதடெல்லாம் சிவப்பு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இனிமே வீட்டுலயும் தட்டுவடை தட்டி வெச்சிர வேண்டியதுதான்" என்றார். நாளைக்குக் காலையில் மலை.

இரண்டாம் நாள்: மலைப்பாதையும் ஏரியும்

காலை ஏழரைக்கு அண்ணன் காரில் கிளம்பினோம். அம்மாவும் வந்தார். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடத்தில் இன்றைக்கு அந்த நுழைவு வளைவுதான் மிச்சம். "சின்னப் பிள்ளையில இந்தப் பக்கம் போனா, யாராவது நடிகர் தெரியறாங்களான்னு எட்டி எட்டிப் பாப்போம்" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் இந்த வளைவைத் தாண்டிப் போயும் வந்தும் நான் ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.

அடிவாரம் தாண்டினால் மூங்கில். அப்புறம் வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் கீழே கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லாத சேலம், மேலே 1,500 மீட்டரைத் தாண்டின ஏற்காடு. அந்த ஏற்றத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கிறது. அதைப் பெரியவளிடம் ஒப்படைத்துவிட்டோம். கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எண்ணுவதற்காக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்ததால் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. சின்னவனுக்கு அவன் அப்பா போனில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்திருந்தார். பதினோராவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. உடம்பு திரும்புகிறது என்று காதுக்குள் இருக்கிற திரவம் மூளைக்குச் சொல்கிறது. போனைப் பார்க்கிற கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. வெளியே, தூரத்தில் பார்க்கிற பிள்ளைக்கு இந்தத் தொந்தரவு குறைவு. மலைப்பாதையில் பிள்ளை கையில் போன் கொடுக்காதீர்கள். சாப்பிடவும் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், பாலும் வேண்டாம். ஒரு மாற்றுத் துணி பெட்டியில் இல்லாமல் உங்கள் மடியில் இருக்கட்டும்.

ஓரமாக அகலமான இடம் பார்த்து அண்ணன் நிறுத்தினார். முகம் கழுவி, சட்டை மாற்றி, அம்மா கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்ததும் தெளிந்துவிட்டான். பத்து நிமிஷம் நின்றோம். மேலிருந்து இறங்கின வண்டிகள் எல்லாம் வளைவில் ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிகளுக்கு வழி விட்டன. மலையில் அதுதான் முறை. ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம். அண்ணன் பெரியவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததும், அதற்கப்புறம் எதிரே ஒதுங்கின ஒவ்வொரு டிரைவருக்கும் கை காட்டி "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். இரண்டு பேர் திருப்பிக் கை காட்டினார்கள்.

இருபதாவது வளைவில் அவள் போட்ட கூச்சலில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகத்தான் இருக்கும். வெயில் இருந்தாலும் காற்று சில்லென்று இருந்தது. தங்கின இடத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. எப்போதும் வெந்நீர் வரும் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். காலை ஆறு முதல் எட்டு வரைதான் வரும் என்று போன பிறகு சொல்கிறார்கள். வாந்தி எடுத்த பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு வாளி வெந்நீருக்காக மூன்று முறை கீழே போய்க் கேட்டேன். கடைசியில் சமையல்கட்டில் இருந்த அம்மாதான் பாத்திரத்தில் காய்ச்சிக் கொடுத்தார். அறை பதிவு செய்யும்போது, பகலில் எத்தனை மணிக்கு வெந்நீர் வரும் என்று மணி சொல்லிக் கேளுங்கள்.

ஏரிதான் ஏற்காட்டின் நடு. ஊர்ப் பேரே ஏரியும் காடும் சேர்ந்து வந்தது என்கிறார்கள். சாயங்காலம் மிதிபடகு எடுத்தோம். நாலு பேர் உட்காரும் படகு. உயிர்காப்பு உடுப்புகள் குவியலாகக் கிடந்தன. முதலில் கொடுத்தது சின்னவனுக்கு முழங்கால் வரை தொங்கியது. தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், தலை வழியாக அப்படியே கழன்று வந்தது. தண்ணீரில் விழுந்தாலும் அப்படித்தான் கழன்று வரும். சின்ன அளவு வேண்டும் என்று நின்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இருக்கட்டும். உள்ளேயிருந்து ஒன்று எடுத்து வந்தார்கள். பெல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்கப்புறம்தான் ஏறினோம்.

தண்ணீர் கரும்பச்சை. நடு ஏரிக்குப் போனதும் கரைச் சத்தம் அடங்கி, மிதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னவன் கையை நனைத்துவிட்டு, "ஐஸ் தண்ணி" என்றான். கரைக்கு வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அண்ணா பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. ஊஞ்சல் ஒன்று காலியாகக் கிடைத்தது, போதும் என்று திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள்: சேர்வராயன் கோயில், காப்பித் தோட்டம்

இன்றைக்கு நிறைய எழுத இருக்கிறது.

காலையில் சேர்வராயன் கோயில். இந்த மலைத்தொடருக்கே பேர் கொடுத்த சாமி. 5,326 அடி உயரத்தில், மொட்டையான அகன்ற உச்சியில் இருக்கிறது. கோபுரம் பார்த்துப் பழகின பிள்ளைகளுக்கு அது கோயில் மாதிரியே தெரியவில்லை. குகைதான் கோயில். குனிந்து உள்ளே போக வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் முதுகை வளைத்துப் போக, சின்னவன் மட்டும் நிமிர்ந்தபடியே நடந்தான். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைக்கிராமத்து ஜனங்களுக்கு இதுதான் குலசாமி. மே மாதத்தில் பெரிய திருவிழா நடக்கும். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று அம்மா சொன்னார், அவருக்கு அவர் அம்மா சொன்னது. வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளியது. பெரியவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காற்றில் சாய்ந்து நின்றாள். அதைப் பார்க்க எத்தனை தூரம் வேண்டுமானாலும் வரலாம்.

அங்கிருந்து அண்ணனின் நண்பர் தோட்டம். டிசம்பர், ஜனவரி காப்பி அறுவடைக் காலம். கோடையில் வந்தால் குளிர்ச்சி கிடைக்கும், கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் கிடைக்கும். ஆனால் செடியில் பழத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதுதான் வர வேண்டும்.

உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் சுற்றி ஏறின மிளகுக் கொடி, அடியில் நிழலில் காப்பிச் செடிகள். சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பிதான்.

பறித்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா பிள்ளைகளைக் கிட்டே கூப்பிட்டார். "வா சாமி, பச்சையத் தொடாத, செவந்ததை மட்டும் பறி." ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருந்தன. அவர் விரல்கள் பச்சையை ஒதுக்கிச் சிவப்பை மட்டும் திருகி எடுத்தன. கண் அங்கே போவதற்குள் கை போய்விடுகிறது. இடுப்பில் கட்டின சாக்குப் பையில் பழம் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு பழத்தை எடுத்துப் பெரியவள் கையில் வைத்து, "பிதுக்கிப் பாரு" என்றார். பிதுக்கினதும் வழவழவென்று இரண்டு விதைகள் வெளியே வந்தன, தட்டைப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டினபடி. தோலைச் சப்பச் சொன்னார். தித்திப்பு. "காப்பி கசக்கும்னு சொன்னீங்க?" என்று பெரியவள் என்னைப் பார்த்தாள். தோலை நீக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, மேலிருக்கிற உமி மாதிரி ஓட்டையும் எடுத்து, வறுத்த பிறகுதான் அந்தக் கசப்பும் மணமும் வரும் என்று அந்த அம்மா விளக்கினார். அடுத்து சின்னவன் பிதுக்கினதில் ஒரே ஒரு உருண்டை விதை. அழப் போனான். "அட, உனக்குப் பீபெரி கெடச்சிருக்குது, அதுக்கு மவுசு ஜாஸ்தி" என்று அவர் சொன்னதும் அதை யாருக்கும் கொடுக்காமல் மூடி வைத்துக்கொண்டான்.

எப்போது பூக்கும் என்று நான் கேட்டேன். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளைக்குள் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும் என்றார். "அப்பறம் பழுக்க ஒம்பது மாசம். புள்ளத்தாச்சி கணக்குத்தான்." அம்மாவும் அவரும் சிரித்துக்கொண்டார்கள். அவர் வயசும் அம்மா வயசும் ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா, முழங்கால் வலிக்கவில்லையா என்று கேட்டார். "வலிக்குது, என்ன பண்றது. சரிவுல நின்னுதான பறிக்கணும்." நான் தினமும் காலையில் இரண்டு முறை காப்பி குடிக்கிறவள். அந்தச் சரிவை இதற்கு முன்னால் நினைத்துப் பார்த்ததில்லை. பிள்ளைகள் கைநிறையப் பறித்ததை அவர் பையிலேயே போட்டுவிட்டோம். ஆளுக்கு இரண்டு விதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் ஆர்க்கிட் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆர்க்கிட் பூக்கள் எனக்குப் பிடித்தன, பிள்ளைகளுக்கு அங்கே இருந்த குடுவைச் செடிதான். மேகாலயாவின் காசி மலையில் வளர்கிற இனம். இலை நுனி குடுவை மாதிரி தொங்குகிறது, மூடிகூட இருக்கிறது. வழுக்கி உள்ளே விழுகிற பூச்சி அடியிலிருக்கிற நீரில் கரைந்து செடிக்குச் சாப்பாடாகிவிடும். சின்னவன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எறும்பு வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து நிமிஷம். பகோடா பாயிண்ட்டுக்கு நேரமாகிறது என்று அவர் கடிகாரத்தைக் காட்டினார். விடுங்க என்றேன். பகோடா பாயிண்ட் போகவில்லை.

பொழுது சாயும்போது லேடீஸ் சீட். ஏறி வந்த மலைப்பாதை கீழே பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. பெரியவள் மறுபடி எண்ண ஆரம்பித்தாள், ஏழுக்கு மேல் மரம் மறைத்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போது சேலத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மேடுகள் தெரிகின்றன, மாக்னசைட் சுரங்கங்கள். இரும்பு உருக்குகிற உலைக்கு உள்ளே பதிக்கிற செங்கல் அதில்தான் செய்கிறார்கள். இங்கே குரங்குகள் ஜாக்கிரதை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற குழந்தையின் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை ஒன்று பிடுங்கிக்கொண்டு ஓடியது. நகம் பட்டிருந்தால் ஊசி போட ஓட வேண்டியிருக்கும். தின்பண்டம் எதுவும் கையில் வைத்திருக்க வேண்டாம், பைக்குள் இருக்கட்டும்.

இருட்ட இருட்டக் கீழே ஒவ்வொரு விளக்காக எரிந்து, ஊர் முழுக்க மின்னியது. பெரியவள் ஒரு புள்ளியைக் காட்டி, "அதான் அம்மாயி வீடு" என்றாள். அம்மா குனிந்து அவள் விரல் நேராகப் பார்த்துவிட்டு, "ஆமா கண்ணு, வாசல் லைட்டை அணைக்காம வந்துட்டன் பாரு" என்றார்.

நான்காம் நாள்: கிளியூர் அருவி, இறக்கம்

காலையில் கிளியூர் அருவிக்குப் போக நாங்கள் பிரிந்துகொண்டோம். படிகள் நிறைய, செங்குத்து, ஈரம். மூன்றரை வயசுப் பிள்ளைக்கு அது இடமில்லை. இறங்கிவிடுவான், ஏறும்போது யார் தூக்குவது? அதனால் அவரும் அம்மாவும் சின்னவனும் ஏரிக்கரையிலேயே இருந்துகொண்டார்கள். நானும் அண்ணனும் பெரியவளும் மட்டும் போனோம்.

300 அடியிலிருந்து விழுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வந்ததால் தண்ணீர் நன்றாகவே இருந்தது. கோடையில் வந்தவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் இங்கே வந்து விழுகிறது என்று அண்ணன் சொன்னார். பெரியவள் அருவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அப்போ முந்தாநாள் நாங்க போட்ல போன தண்ணியா இது?" என்றாள். "அதேதான்." "தம்பி கை வச்ச தண்ணியா?" "இருக்கும் பாப்பா." சாரல் படும் தூரத்தில் நின்று, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டாள். அடியில் பாறைகள் பாசி பிடித்து வழுக்குகின்றன. பையன்கள் சிலர் அதில் தாவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிட்டே போகவில்லை. ஏறும்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். ஆரஞ்சு விற்கிற ஒருவரிடம் இரண்டு கிலோ வாங்கினோம். மலை ஆரஞ்சு, சின்னது, தோல் தளர்வாக இருக்கும், உரித்தால் கையெல்லாம் மணக்கும்.

இறங்கும்போது குப்பனூர் வழி. ஏறின பாதையைவிடச் சுற்று, ஆனால் வண்டிகள் குறைவு. வாந்தி இல்லை. இரண்டு பேருக்கும் போன் கொடுக்கவில்லை, எதிரே வருகிற வண்டியின் நிறத்தைச் சொல்ல வேண்டும் என்று விளையாட்டு வைத்தோம். அடிவாரத்துக்கு வந்ததும், நேரம் இருந்ததால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. சின்னவன் மான்களைப் பார்த்துவிட்டு அம்மாயி மடியில் தூங்கிப் போனான், மற்றதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் தன் இரண்டு விதைகளையும் எடுத்துக்கொண்டு அம்மாயியிடம் மண் கேட்டாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஆணி காய்ச்சித் துளை போட்டு, மண் நிரப்பி, தட்டைப் பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்து மூடினார்கள். முளைக்க ஒன்றரை, இரண்டு மாசம்கூட ஆகும் என்று அண்ணன் சொன்னார். சேலத்து வெயிலுக்கு இது தாங்குமா என்று நான் சந்தேகப்பட்டேன். "கெணத்தடி நெழல்ல வெச்சுக்கறன், நீ சும்மா இரு" என்றார் அம்மா. சின்னவன் தன் பீபெரியைக் கொடுக்க மாட்டேன் என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

ராத்திரி ரயில். இதை ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதம் இன்னும் சூடாக இருக்கிறது. நம் ரயிலை அறிவிக்கிறார்கள், சின்னவனை எழுப்ப வேண்டும்.